பின் டயரில் ஒரு கீறல்

எங்கள் பழைய விவசாய அலுவலகத்தில் வெளிக்கள உத்தியோகத்தர்கள் எல்லோருக்கும் இப்போது போனில் ஏதோ ஒரு செயலி போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம். வயலுக்குப் போய் நின்று ஒரு பொத்தானை அழுத்தினால் ஆள் எங்கே நிற்கிறார் என்று மேலிடத்துக்குத் தெரிந்துவிடும். போன மாதம் அங்கே வேலை செய்யும் ஒருவர் என்னை அழைத்து, தான் இறக்காமத்தில் வயல் வரம்பில் நின்று அழுத்தினால் போன் தன்னைக் கடலுக்குள் காட்டுகிறது என்று முறையிட்டார். கடலில் என்ன வேலை என்று விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்திருக்கிறது. நான் சிரித்து முடித்த பிறகு, போன் இல்லாத காலத்தில் வயலுக்குப் போகாமல் ஏமாற்றுகிறவர்களை நீங்கள் எப்படிப் பிடித்தீர்கள், அதை அலுவலக மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டார்.

மோட்டார் சைக்கிளின் பின் டயரைப் பார்த்துப் பிடித்தோம் என்றேன். அவர் நம்பவில்லை. பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார். எழுதித் தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் கை ஓடவில்லை. யாரை நான் சரியாகப் பிடித்தேன், யாரைப் பிழையாகப் பிடித்தேன் என்பது எனக்கே விளங்காமல் கிடக்கிறது. மலரில் போடுவதும் போடாமல் விடுவதும் அவர்கள் பாடு. நான் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது வெளிக்கள உத்தியோகத்தராகத்தான். பயிற்சி என்று ஆறு மாதம் இருத்தி வைத்து, பூச்சிகளின் பெயரும் படிவங்களின் இலக்கமும் சொல்லித் தந்தார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்ட யாரும் சொல்லித் தரவில்லை. சாவியைத் தந்தார்கள், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்தது கோமாரிப் பக்கம். தென்னந்தோட்டம், கடற்கரை மணல், பிறகு நீட்டுக்குத் தார் வீதி. பத்து வருடம் அதில் ஓடினேன். ஒரு நாள் காலையில் கோமாரியில் வீதி வளைகிற ஒரு முடக்கில் புதிதாகக் கிறவல், அதாவது சிவப்புச் சரளை, கொட்டியிருந்தார்கள். இன்னும் உருளை போட்டு அமத்தவில்லை. சிவப்புக் கல் மாபிள் மாதிரி உருண்டுகொண்டு கிடந்தது. நான் பயத்தில் முன் பிறேக்கைப் பிடித்துவிட்டேன். முன் சில்லு ஒரு பக்கம் போக, நான் மறுபக்கம் போனேன். முழங்கால் சிரட்டை உடைந்தது. அதற்குப் பிறகு என்னைக் கல்முனை அலுவலகத்தில் வாகனப் பகுதிக்கு மாற்றினார்கள். பதினாலு மோட்டார் சைக்கிளும் அவற்றின் டயரும் டியூபும் என் பொறுப்பில் வந்தன.

அங்கே எங்களுக்கு மேலதிகாரியாக இருந்தவர் காரைதீவைச் சேர்ந்த அருளம்பலம் சேர். மெலிந்த மனிதர். சத்தமாகக் கதைத்து நான் கேட்டதே இல்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, கூட்டத்துக்கு வரும் எல்லா மோட்டார் சைக்கிளும் வேப்பமரத்தடியில் நடு ஸ்டாண்டில் வரிசையாக நிற்க வேண்டும். ஓட்டியவர்கள் மண்டபத்துக்குள் போய்விட வேண்டும். அதன் பிறகு சேர் வருவார். கையில் ஒரு சோக்குக் கட்டி, ஒரு பழைய ஒரு ரூபாய்க் குத்தி, ஓர் ஈர்க்கு. நான் பின்னால் கொப்பியோடு நிற்பேன்.

முதலில் பின் டயரில் சோக்கால் ஒரு கோடு இழுப்பார். சில்லைக் கையால் மெல்லச் சுற்றுவார். கோடு திரும்பி வரும்வரை கண்ணால் மட்டும் பார்ப்பார். இரண்டாவது சுற்றில் உள்ளங்கையை வைத்து முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை தடவுவார். தார் வீதியில் மட்டும் ஓடிய டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். எந்தப் பக்கம் தடவினாலும் வழுக்கும். கிறவலில் ஓடிய டயரில் ஒவ்வொரு கட்டையின் விளிம்பும் கோழி கொத்தினது போலப் பிய்ந்திருக்கும். கையைப் பின்னுக்கு இழுக்கும்போது உரசும். காற்றுக் குறைவாக அடித்து ஓடினால் இரண்டு ஓரமும் தேயும், நடு நிற்கும். கூட அடித்தால் நடுத் தேயும். பிறகு குத்தியைக் கட்டைகளுக்கு நடுவே உள்ள காடிக்குள் நிறுத்தி ஆழம் பார்ப்பார். கடைசியாக ஈர்க்கால் காடிக்குள் இறுகிக் கிடக்கும் கற்களைக் கிண்டி எடுத்து வண்டியின் சீற்றில் வரிசையாக வைப்பார். கறுப்புச் சல்லி என்றால் பெரிய வீதி. வெள்ளை மணல் என்றால் கடற்கரை. சிவப்புக் கல் என்றால் உள்ளே, குளங்களின் பக்கம், இறக்காமம் மாதிரி இடங்கள்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். கொப்பியில் அந்த வண்டியின் இலக்கத்துக்கு நேரே சரி போடச் சொல்வார், வயலுக்குப் போன அடையாளம் இல்லை என்றால் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போடச் சொல்வார். அவ்வளவுதான். என்ன பார்க்கிறார் என்று உத்தியோகத்தர்களுக்குத் தெரியாது. அரசாங்கச் சொத்தைக் கவனமாக வைத்திருக்கிறோமா என்று பார்க்கிறார் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். சிலர் முதல் நாளே டயரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் பூசி மினுக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும். அவர்கள் அறியாததை நான் அறிவேன் என்ற பெருமையும் இருந்தது. அதை மறைத்துச் சொல்ல இப்போது அவசியமில்லை.

புள்ளடி விழுந்த இலக்கங்களுக்கு அடுத்த வேலை ஒன்று உண்டு. அந்த வாரத்துக்குள் ஒரு நாள், யாருக்கும் சொல்லாமல், சேர் தன் மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த உத்தியோகத்தரின் வயற்பகுதிக்குப் போவார். கிறவல் தொடங்கியதும் எனக்கு முழங்கால் கூசும். அவர் கியரைக் குறைத்து, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, தூரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே வேகத்தில் போவார். முன் பிறேக்கைத் தொடவே மாட்டார். நான் அவருடைய சேர்ட்டைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு தடவை இறக்காமம் தாண்டி ஒரு வட்டைக்குப் போனோம். வட்டை என்று நாங்கள் சொல்வது ஒரு வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்களை எல்லாம் சேர்த்து. புள்ளடி விழுந்த அந்த உத்தியோகத்தர் முழங்கால் சேற்றில் நின்று நெல்லில் தத்திப் பூச்சியை எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் வயற்காவல் வாடிக்குப் பக்கத்தில் நின்றது. சேர் அதை ஒரு தடவை சுற்றி வந்தார். வாடியில் தந்த பிளேன்ரீயைக் குடித்தார். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று கதைத்தார். திரும்பி வந்து அந்தப் புள்ளடியை வெட்டிச் சரி போடச் சொன்னார். நான் வெட்டினேன். ஏன் என்று கேட்கவில்லை. அந்த வண்டியில் அன்று பூட்டியிருந்த டயர், கட்டை கட்டையாகப் பெரிய பல் வைத்த, எங்கள் அலுவலகம் கொடுக்காத வேறு ஒரு டயர். அதை நானும் கண்டேன். கண்டது மூளைக்கு ஏறவில்லை.

டயர் விசயத்தில் எங்களிடம் ஒரு கண்டிப்பான முறை இருந்தது. புது டயர் கொடுக்கும்போது அதன் பக்கச் சுவரில் சூட்டுக் கம்பியால் ஓர் இலக்கம் சுடுவோம். அதே இலக்கமுள்ள தேய்ந்த டயரைத் திருப்பித் தந்தால்தான் அடுத்தது. வெளியில் வாங்கிய டயரை அரசாங்க வண்டியில் பூட்டுவது குற்றம். பூட்டி ஓடி விழுந்தால் நட்டஈடும் இல்லை. அலுவலகம் கொடுத்ததோ தார் வீதிக்கான மழமழப்பு டயர். வேறு டயர் கேட்டு சேர் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் நானே கோப்பில் குத்தியிருக்கிறேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

சேர் ஓய்வில் போனார். அடுத்த ஆள் வரும்வரை டயர் பார்க்கும் வேலையை நானே செய்யலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். சோக்கும் குத்தியும் ஈர்க்கும் என் கைக்கு வந்தன. கொஞ்சம் தலைக்கனமும் வந்திருக்க வேண்டும்.

அடுத்த போகத்தில் வெள்ளாமை கதிராகி நிற்கும்போது ஆசியா உம்மா என்ற ஒரு விதவை அலுவலகத்துக்கு வந்தார். இறக்காமம் பக்கத்தில் நாவலடி வட்டையில் அவருக்கு இரண்டு ஏக்கர். யானை இறங்கி முக்கால்வாசியை மிதித்துவிட்டது. யானைச் சேதம் என்றால் உத்தியோகத்தர் உடனே போய்ப் பார்த்து, காலடியையும் மிதிபட்ட இடத்தையும் அளந்து எழுத வேண்டும். அந்த அறிக்கை இல்லாமல் நிவாரணம் இல்லை. அந்த வட்டைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் நௌசாத். நற்பிட்டிமுனைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், வேலைக்கு வந்து இரண்டு வருடம், நிரந்தர நியமனத்துக்குக் காத்திருந்தார். அவருடைய தினக்குறிப்பில் அந்த வியாழக்கிழமைக்கு நேரே 'நேரில் பார்வையிட்டேன், சிறு சேதம்' என்று இருந்தது. கீழே வட்டவிதானையின் கையெழுத்தும் இருந்தது.

வட்டவிதானை என்பவர் வட்டைக்குத் தலைவர். அவருடைய கையெழுத்து இருந்தால் உத்தியோகத்தர் வந்தார் என்று அர்த்தம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவரைத் தேடித் திரிய முடியாது என்று ஐந்தாறு வெற்றுப் பக்கங்களில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். நானும் கோமாரியில் வாங்கியிருக்கிறேன். ஆகவே அந்தக் கையெழுத்தை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆசியா உம்மா என் மேசைக்கு முன்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "ஆன வந்தது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஒங்கட ஆள் வந்தது ஆருக்கும் தெரியா."

விசாரணை வைத்தார்கள். ஒரு நாள் போகாமல் எழுதினார் என்றால் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடியும். தொடர்ந்து போகாமல் எழுதினார் என்றால் நியமனம் ரத்து. இது எல்லோருக்கும் தெரிந்த விதி. எது என்று கண்டுபிடிக்க வண்டியைப் பார்த்து அறிக்கை தரும்படி என்னைக் கேட்டார்கள்.

நௌசாத்தின் மோட்டார் சைக்கிளை வேப்பமரத்தடியில் நிறுத்தி முறைப்படி எல்லாம் செய்தேன். சோக்குக் கோடு. ஒரு சுற்று கண். ஒரு சுற்று கை. இலக்கம் சரி, அலுவலக டயர்தான். கொடுத்து இரண்டு மாதம். முன்னுக்கும் பின்னுக்கும் தடவினேன், வழுக்கியது. கொத்து இல்லை. இடது பக்க ஓரத்தில் மட்டும் விரல் நீளத்துக்குப் புதிதாக ஒரு கீறலும், அதன் அருகே இரண்டு மூன்று பிய்ச்சலும். ஈர்க்கால் கிண்டினேன். கறுப்புச் சல்லி ஏழெட்டு, சிவப்புக் கல் ஒன்றே ஒன்று. இரண்டு மாதம் இறக்காமக் கிறவலில் ஓடிய டயர் இது அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நௌசாத் அன்று மண்டபத்துக்குள் போகவில்லை. சற்றுத் தள்ளி நின்று நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழும்பியதும், அண்ணன் என்ற பொருளில் காக்கா என்று கூப்பிட்டபடி பக்கத்தில் வந்தார்.

"டயரப் பாத்து எழுதாதீங்க காக்கா. ஒருக்கா வட்டைக்கி வாங்க, ஆக்களக் கேளுங்க. நான் கூட்டிப் போறன்."

பார்க்கலாம் என்றேன். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வேலை கூடுதல், முழங்கால் நோவு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குக் கிறவலில் ஏறப் பயம். அருளம்பலம் சேரின் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு போனவன் நான். இன்னொருவர் பின்னால் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு போக வெட்கம். சேர் டயரைப் பார்த்த பிறகு வயலுக்குப் போனார். நான் டயரைப் பார்த்த பிறகு மேசைக்குப் போனேன்.

அறிக்கையில் எழுதியது சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது, பிரதியும் என்னிடம் இருக்கிறது. 'மேற்படி வண்டி கடந்த இரண்டு மாதங்களாகக் கிறவல் பாதையில் ஓடியதற்கான அடையாளம் இல்லை. அண்மைய சிறு கீறல் ஒன்றும் ஒரு கல்லும் காணப்பட்டன. அவை கணக்கில் எடுக்கத்தக்கவை அல்ல.' இதற்குக் கீழே என் முழுப் பெயர், பதவி, கையொப்பம்.

நௌசாத் விசாரணையில் ஒன்றும் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். நியமனம் ரத்தானது. மோட்டார் சைக்கிளைத் திருப்பித் தந்துவிட்டு, தலைக்கவசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் எடுக்க நடந்து போனார். ஆசியா உம்மாவுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. பிந்திவிட்டது என்று பதில் வந்தது. ஒரு பொய்யனைப் பிடித்துவிட்டோம் என்று இரண்டொருவர் என்னைத் தட்டிக் கொடுத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிற்பாடு நௌசாத் மீன் வியாபாரத்தில் இறங்கினார். விடியக் கல்முனைக் கடற்கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, உள்ளூர்களுக்குக் கொண்டுபோய் விற்பார். பள்ளியடியில் எதிர்ப்பட்டால் ஸலாம் சொல்லுவார். நான் பதில் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன். வெட்கப்பட வேண்டியவர் ஸலாம் சொல்ல, நான் ஏன் வேறு பக்கம் பார்த்தேன் என்பதும் எனக்கு விளங்காத ஒன்று.

நான் ஓய்வுபெற்ற அடுத்த வருடம், இறக்காமத்தில் ஒரு கலியாணத்துக்காக மருமகனின் ஸ்கூட்டரில் போனேன். அவர்தான் ஓட்டினார். தார் முடிகிற சந்தியில் ஆணி ஏறிவிட்டது. அங்கே ஒரு டயர்க் கடை. கடைக்காரர் டியூபுக்கு ஒட்டுப் போடும் நேரத்தில், நான் எங்கே வேலை செய்தவன் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்துபோனது.

"ஒங்கட ஒப்பிஸ் ஆக்கள்ற டயர் இந்தச் சுவரில வரிசையாத் தொங்கும் காக்கா. பல்லு டயரப் பூட்டித்தான் உள்ளுக்குப் போவாங்க. மாசத்தில முதல் திங்களுக்கு முந்தின நாள் இஞ்ச ஒரே சனம். பல்லு டயரக் கழட்டு, ஒப்பிஸ் டயர மாட்டு. எனக்குச் சோறு தின்ன நேரமிரிக்கா."

முதலில் அவர் என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் தன்பாட்டில் சொல்லிக்கொண்டே போனார். அலுவலக டயரோடு கிறவலில் போனால் சறுக்கும். ஆகவே உள்ளே போகிறவர்கள் சொந்தமாகப் பல் டயர் வாங்கிப் பூட்டினார்கள். அலுவலக டயரைப் பழுதில்லாமல் வைத்திருந்து, முதல் திங்கட்கிழமை பூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். அரசாங்கச் சொத்தைக் கவனமாக வைத்திருக்கிறார்கள் என்று சந்தோசப்படுவோம் என்று நினைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் நாள் தவறாமல் வயலுக்குப் போனவரின் அலுவலக டயர்தான் கிறவலே படாமல் என் கைக்கு வந்திருக்கிறது. நானோ அதைத் தடவிப் பார்த்துப் புள்ளடி போட்டேன். சேர் அன்று வாடிக்குப் பக்கத்தில் சுற்றி வந்து பார்த்ததும், திரும்பி வந்து புள்ளடியை வெட்டச் சொன்னதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கடையின் மூலையில் தூசி பிடித்த ஒரு பல் டயரைக் கடைக்காரர் காட்டினார். அது நௌசாத்துடையது. இரண்டாம் தடவையாகப் பக்கத்தைக் கல் வெட்டிவிட்டது என்று ஒட்டுப் போடத் தந்தவர், அந்தக் கிழமையே வேலை போய்விட்டதால் எடுக்க வரவில்லையாம். வண்டியே இல்லை, டயர் எதற்கு என்று சொல்லிவிட்டாராம். நான் குந்தியிருந்து கையை வைத்தேன். ஒவ்வொரு பல்லும் கொத்துப்பட்டு, கிழிந்து, பாதியாகத் தேய்ந்து கிடந்தது. காடி முழுக்கச் சிவப்புக் கல்.

அடுத்த புதன்கிழமை காலையில் நௌசாத்தின் மோட்டார் சைக்கிளை எங்கள் ஒழுங்கை முனையில் மறித்தேன். மீன் வாங்க என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தார். டயர்க் கடைக்குப் போன கதையைச் சொன்னேன். அறிக்கை பிழை, நீங்கள் போயிருக்கிறீர்கள், என்னை மன்னியுங்கள் என்றேன். நான்கைந்து நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள். அவர் பெட்டியை மூடினார். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினார்.

"அண்டைக்கி நான் போகல்ல காக்கா," என்றார்.

அவர் சாதாரணமாகச் சொன்னார். அந்த வியாழக்கிழமை, பல் டயர் முதல் தடவை ஒட்டுப் போடக் கடையில் கிடந்ததால் அலுவலக டயரைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கிறவல் தொடங்கி முதல் முடக்கில் புதுக் கல் கொட்டியிருந்தது, அமத்தவில்லை. வண்டி இடது பக்கமாகச் சறுக்கி விழுந்துவிட்டது. பெரிய காயம் இல்லை. ஆனால் அதற்கு மேல் கிறவலில் ஓட்ட மனம் வரவில்லை. வீட்டில் பிள்ளை பிறந்து பதினொரு நாள். நாளைக்குப் பல் டயரோடு வருவோம் என்று திரும்பிவிட்டார். மறுநாள் விடிய மழை பிடித்தது, இரண்டு நாள் விடவில்லை. பிறகு பல் டயரோடு போய்ப் பார்த்தால் காலடி ஒன்றும் இல்லை, மிச்சத்தை மாடும் தின்றிருந்தது. யானை எவ்வளவு, மாடு எவ்வளவு என்று பிரிக்க முடியாமல், வியாழக்கிழமைப் பக்கத்தில் 'சிறு சேதம்' என்று எழுதிவிட்டார். வட்டவிதானையின் கையெழுத்து அங்கே ஏற்கெனவே இருந்தது.

இடது பக்கத்தில் விரல் நீளக் கீறல். இரண்டு மூன்று பிய்ச்சல். ஒரே ஒரு சிவப்புக் கல். அந்த டயர் அந்த ஒரு நாளை அப்படியே, ஒரு முடக்கும் விடாமல் எழுதி வைத்திருந்தது. கணக்கில் எடுக்கத்தக்கவை அல்ல என்று எழுதியவன் நான்.

இதையெல்லாம் ஏன் விசாரணையில் சொல்லவில்லை என்று கேட்டேன். குரலில் கோபம் இருந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. சொன்னால் வெளி டயர் பூட்டியது வெளியே வரும், அப்படிப் பூட்டிய மற்ற எட்டுப் பேரும் மாட்டுவார்கள் என்றார். அதோடு ஆசியா உம்மாவின் விசயத்தில் பிழை தன் பக்கம்தான் என்றும் சொன்னார். அவர் வீட்டு முன்னால்தான் ஒவ்வொரு புதனும் மீனோடு போகிறாராம். முதல் வருடம் ஆசியா உம்மா வாங்கவில்லை. பிறகு வாங்கத் தொடங்கினார், ஆனால் கதைப்பதில்லை. தான் விழுந்த அந்த முடக்கில் நௌசாத் இப்போதும் இறங்கி, வண்டியை உருட்டித்தான் கடக்கிறாராம்.

நான் எதற்காக மன்னிப்புக் கேட்க வந்தேன் என்பதே எனக்குக் குழம்பிவிட்டது. அவர் போகவில்லை என்று எழுதினேன், போகத்தான் இல்லை. அவர் பொய்யர் என்று எழுதினேன். அன்று அவர் எழுதியது பொய்தான். அப்படியிருந்தும் நான் அவருக்குச் செய்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கடைசியில் வேறு ஒன்றும் தோன்றாமல், அப்படியானால் நான் என்னதான் எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டேன். கேட்டதும் வெட்கமாகப் போய்விட்டது.

நௌசாத் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். "ஒரு நாள் போகல்ல எண்டு எழுதியிருந்தா, கீழ நானே கையெழுத்து வெச்சிருப்பன் காக்கா," என்றார். பெட்டியைத் தட்டிச் சரிபார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அறிக்கையின் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளில் திரும்ப எழுதத் தொடங்கினேன். நாலு தாள் கிழிந்தது. ஐந்தாவது தாளில் இப்படி எழுதினேன்: 'மேற்படி வண்டி குறித்த வியாழக்கிழமை கிறவல் பாதையின் முதல் முடக்கில் இடது பக்கமாக விழுந்துள்ளது. உத்தியோகத்தர் அன்று ஒரு நாள் வட்டைக்குப் போகவில்லை. ஏனைய நாட்களில் வேறு டயருடன் போயிருக்கிறார். இதைப் பரிசோதித்தவர் வட்டைக்குப் போகவில்லை. அவருக்குக் கிறவலில் போகப் பயம்.' கீழே என் பெயரை எழுதிக் கையொப்பம் வைத்தேன். பதவி என்ற இடத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டேன்.

அடுத்த புதன்கிழமை அதே முனையில் காத்து நின்று தாளைக் கொடுத்தேன். நௌசாத் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். இரண்டு தடவை வாசித்தார். பயம் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன். பேனையைக் கேட்டார். மீன்பெட்டி மூடியின் மேல் தாளை வைத்து எழுதி, திருப்பித் தந்துவிட்டு, இன்றைக்குச் சூடை மீன் நல்லது, போடவா என்று கேட்டார். போடச் சொன்னேன்.

அந்தத் தாளை யாருக்கு அனுப்புவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அலுவலகத்தில் அந்தக் கோப்பு இருக்குமா, இருந்தாலும் யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். கடலுக்குள் நிற்பதாக விளக்கம் கேட்கப்பட்டவரிடம் மட்டும், உங்களைப் பார்க்க யாராவது நேரில் வட்டைக்கு வந்தார்களா என்று கேட்டேன். வரவில்லை என்றார்.

அந்தப் புதன்கிழமை வீட்டுக்கு வந்து மீனைக் கொடுத்த பிறகுதான் தாளை விரித்துப் பார்த்தேன். சொன்னபடி நௌசாத் கையெழுத்து வைத்திருந்தார். அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, வெளிக்கள உத்தியோகத்தர், நாவலடி வட்டை என்றும், திருப்பிக் கொடுத்த அந்த மோட்டார் சைக்கிளின் இலக்கத்தையும் எழுதியிருந்தார்.